கதவைத் தட்டும் ஷெரீப்



ஷெரீப் என்ற சொல் எனக்கு முதலில் அறிமுகமானது முத்து காமிக்ஸிலும் லயன் காமிக்ஸிலும்தான். மார்பில் நட்சத்திரம், இடுப்பில் துப்பாக்கி, வாசலில் குதிரை. உங்களில் பலருக்கும் அப்படித்தான் இருக்கும். சென்னைக்கும் ஒரு காலத்தில் ஷெரீப் இருந்தார். ஊர்ப் பிரமுகர் ஒருவருக்கு ஒரு வருடம் தரப்பட்ட கௌரவப் பதவி அது. இந்த இரண்டு படங்களையும் ஓரமாக வைத்துவிட்டுத்தான் அமெரிக்காவில் கவுன்டி என்னும் மாவட்டத்தின் ஷெரீப்பைப் பார்க்க வேண்டும்.

அங்கே 3,000-க்கும் மேற்பட்ட ஷெரீப்கள் இருக்கிறார்கள். நம்மூர் இன்ஸ்பெக்டர், ஜெயிலர், கோர்ட் அமீனா மூவரையும் ஒரே ஆளாக்கி, பெரும்பாலும் 4 வருடத்துக்கு ஒருமுறை ஜனங்களிடம் ஓட்டுக் கேட்கவும் வைத்தால் அவர்தான் ஷெரீப். ரோந்து போவது, காட்டில் வழிதவறியவரைத் தேடுவது, விசாரணைக் கைதிகளைக் காவலில் வைத்திருப்பது, கோர்ட் உத்தரவைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது எல்லாம் பெரும்பாலும் அவர் அலுவலகத்தின் வேலை.

என்னை நிறுத்தியது அந்த அமீனா வேலைதான். சிறுவயதில் எங்கள் தெருவில் ஒரு வீட்டைக் காலி செய்ய அமீனா வந்த நாள் மறக்கவில்லை. கட்டில், கிரைண்டர், பள்ளிக்கூடப் பை என்று ஒவ்வொன்றாக வாசலுக்கு வந்தன. அமீனா யார் முகத்தையும் பார்க்காமல் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பாவம், அவர் என்ன செய்வார்!

2008-இல் சிகாகோ நகரம் இருக்கும் குக் கவுன்டியில் ஷெரீப் டாம் டார்ட் அந்தத் தாளிலிருந்து தலையை நிமிர்த்தினார். வீட்டுக் கடன்கள் மொத்தமாக மூழ்கிய வருடம் அது. வங்கிகள் வாங்கிய உத்தரவோடு அவருடைய ஆட்கள் கதவைத் தட்டினால், திறந்தவர் பல வீடுகளில் கடன்காரரே இல்லை. மாதாமாதம் வாடகையை ஒழுங்காகக் கட்டிவந்த குடித்தனக்காரர். வீட்டுக்காரர் வாடகையை வாங்கிக்கொண்டு வங்கிக்குத் தவணை கட்டாமல் விட்ட விஷயமே அவருக்குத் தெரியாது. அந்த அக்டோபரில், கடனில் மூழ்கிய வீடுகளைக் காலி செய்யும் வேலையை இனிச் செய்யமாட்டோம் என்று டார்ட் அறிவித்துவிட்டார். சட்டத்தைக் கையில் எடுக்கிறார் என்று வங்கிக்காரர்கள் கொதித்தார்கள். அவர்கள் சொன்னதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. கோர்ட் உத்தரவை நிறைவேற்ற வேண்டியவரே மாட்டேன் என்றால் எப்படி? ஆனால், வீட்டில் குடியிருப்பது யார் என்று விசாரித்துத் தெரிவிக்கும் பொறுப்பு வங்கிகள் மேல் வந்த பிறகுதான் வேலை மறுபடி தொடங்கியது. என் ஓட்டு டார்ட்டுக்குத்தான்.

அவருடைய சிறையில் மனநோயால் அவதிப்படுகிறவர்கள் ஏராளம். 2015-இல் அதை நடத்தும் பொறுப்பை ஒரு மனநல நிபுணரிடம் கொடுத்தார். கைதிகளுக்கு செஸ் சொல்லிக்கொடுக்கவும் ஏற்பாடு செய்தார். செஸ் என்றதும் நம்மவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள், தெரியும்!

எல்லா ஷெரீப்பும் இப்படியா? இல்லை. அரிசோனாவின் மரிகோபா கவுன்டியில் ஜோ ஆர்பயோ கைதிகளைப் பாலைவன வெயிலில் கூடாரத்தில் போட்டார். அதைச் சொல்லியே தேர்தலில் ஜெயித்து 24 வருடம் பதவியில் இருந்தார். 2016-இல் அதே ஜனங்கள் தோற்கடித்தார்கள். அடுத்த வருடம் கோர்ட் அவமதிப்பு வழக்கில் குற்றவாளி என்று தீர்ப்பானது. தண்டனை விதிக்கப்படும் முன்பே ஜனாதிபதி டிரம்ப் மன்னித்துவிட்டார். ஜனங்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தவர் என்பதாலேயே ஒருவர் நல்லவராகிவிடுவதில்லை. அது நமக்குத் தெரியாததா என்ன?

இத்தனையிலும் என் மனசில் தங்கியது ஒரு சின்ன விஷயம். பல ஷெரீப் அலுவலகங்களில், தனியாக இருக்கும் முதியவர்கள் பெயர் கொடுத்து வைக்கலாம். தினமும் குறித்த நேரத்தில் வீட்டு போன் அடிக்கும். எடுத்தால் சரி, அன்றைக்குக் கவலையில்லை. மறுபடி மறுபடி அடித்தும் எடுக்கவில்லையென்றால் ஒரு ஆள் கிளம்பி வந்து கதவைத் தட்டுவார். உள்ளே விழுந்து கிடக்கிறாரா, இல்லை தோட்டத்தில் தண்ணீர் விட்டுக்கொண்டிருக்கிறாரா என்று பார்த்துவிட்டுத்தான் திரும்புவார்.

பிள்ளைகள் வெளிநாட்டிலும் பெற்றவர்கள் பூட்டிய கிரில் கேட்டுக்குப் பின்னாலுமாக இருக்கும் வீடுகள் நம் தெருக்களில் எத்தனை! பால்காரரோ, எதிர்வீட்டு அக்காவோ, காவல் நிலையமோ, அவர்களைத் தினமும் விசாரிக்கும் ஏற்பாடு உங்கள் பகுதியில் இருந்தால், அது எப்படி நடக்கிறது என்று எழுதி அனுப்புங்கள். ஒரு தபால் அட்டை போதும். அடுத்த இதழில் இந்தப் பக்கத்தை அதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்