அடுக்குக் கட்டையும் நம் பிள்ளைகளும்

"கூலிக்காரன் பிள்ளைக்கு விளையாட்டுச் சாமான் ஒரு கேடா? நாலு எழுத்துப் படிக்கட்டும்" என்று சொல்வோர் இருக்கிறார்கள். பணக்காரன் வீட்டுப் பிள்ளைக்கு ஆயிரக்கணக்கில் கொடுத்து அடுக்குக் கட்டைப் பெட்டி வாங்கினால் அதற்குப் பெயர் கல்வி. நம் பிள்ளை அடுக்கினால் வீண்பொழுது! இந்த நியாயத்தை நாம் ஒப்புக்கொள்ள முடியாது.

நியூயார்க் நகரில் காரலின் பிராட் என்ற ஆசிரியை இருந்தார். தச்சுவேலை கற்றவர். 1914-ல் ஒரு சிறு பள்ளியைத் தொடங்கினார். அங்கே மரக்கட்டைதான் பாடப் புத்தகம். பிள்ளைகளை ஹட்சன் ஆற்றுத் துறைக்கு அழைத்துப் போவார். கண்டதைத் திரும்பி வந்து தரையிலே கட்ட வேண்டும். கட்டப் புகுந்தால் கேள்வி தானாக வரும். கப்பல் எவ்வளவு நீளம்? சரக்கு எந்த ஊரிலிருந்து வந்தது? பாலம் ஏன் சரிந்தது? கணக்கு, பூகோளம், விஞ்ஞானம் எல்லாம் அதிலே அடங்கிவிட்டன. சரக்கை இறக்கியது யார் என்ற கேள்வியும் உண்டு. அதை எந்தப் பாடத்தில் சேர்ப்பது? நம்மைக் கேட்டால் அதுவே முதற்பாடம்.

அவர் கட்டையின் அளவிலேயே கணக்கு இருக்கிறது. கனத்தைப்போல் இரு மடங்கு அகலம். அகலத்தைப்போல் இரு மடங்கு நீளம். குறுக்கே பாதியாய் அறுத்தால் சதுரம். அரை, கால் என்பதைக் குழந்தை உருப்போடாமல் கையால் அறிந்துகொள்கிறது. அறுந்த நூலைக் கண் பாராமலே பிணைக்கும் மில் தொழிலாளிக்கு இதை நாம் விளக்க வேண்டியதில்லை.

பிராட் முதலில் நாடியது உழைப்பாளி வீட்டுப் பிள்ளைகளைத்தான். ஆனால் எழுத்தாளர், ஓவியர் வீட்டுப் பிள்ளைகளே அதிகம் வந்தார்கள். அந்தப் பள்ளி இன்றும் நடக்கிறது. பெரும் பணம் கட்டிப் படிக்கும் தனியார் பள்ளியாக! கட்டைக்கு மட்டும் அவர் காப்புரிமை வாங்கவில்லை. யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டார். கம்பெனிகள் செய்து விற்று லாபம் கண்டன.

தோழர்களே, நாம் செய்தால் யார் தடுப்பது? ஒவ்வொரு அங்கன்வாடிக்கும், ஊராட்சிப் பள்ளிக்கும் ஒரு பெட்டிக் கட்டை கொடு என்று சர்க்காரைக் கேட்போம். வரும்வரை கைகட்டி உட்காரவும் வேண்டாம். மரப்பட்டறையில் கழித்துப் போடும் துண்டுகள் போதும். நீளம் 5½ அங்குலம், அகலம் 2¾, கனம் 1⅜. அளவு பிசகினால் அடுக்கு நிற்காது. அரைக்கட்டையும் இரட்டைக்கட்டையும் சேர்த்து ஒரு நூறாவது வேண்டும். ஓரங்களை உப்புத்தாளால் நன்றாகத் தேய்த்துவிடுங்கள். சாயம் பூச வேண்டாம்.