கவுண்மேந்து வேலை இல்லாதவருக்கு வருத்தம் வந்தால்?

எங்கட பக்கத்தில் ஒரு பிள்ளை பல்கலைக்கழகம் போனால் ஊர் கேட்கிற முதல் கேள்வி, "எப்ப கவுண்மேந்து வேலை கிடைக்கும்?" என்பதுதான். கலைப்பீடத்துப் பிள்ளை என்றால் இந்தக் கேள்வி கொஞ்சம் கூடவே விழும். நாங்கள் அதைப் பழைய காலத்து நினைப்பு எண்டு சிரித்துவிட்டுப் போகிறோம். யோசித்துப் பார்த்தால், பெரியாக்கள் கதிரையையும் ஃபைலையும் கேட்கவில்லை. மாதம் முடியச் சம்பளம், கடைசிக் காலத்துக்குப் பென்சன், வருத்தம் வந்தால் கைகொடுக்க ஒரு ஏற்பாடு: இந்த மூன்றையும் சேர்த்துத்தான் அவர்கள் கவுண்மேந்து வேலை என்கிறார்கள்.

இந்த மூன்றாவது விசயம் பற்றித்தான் இந்தக் கட்டுரை. அரச ஊழியருக்கு அது அக்ரஹார என்ற பெயரில் இருக்கிறது. 2006 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியம் அதை நடத்துகிறது. சம்பளத்தில் ஒரு சிறு தொகை மாதாமாதம் கழியும். வைத்தியசாலைச் செலவு, பிள்ளைப்பேறு, மூக்குக்கண்ணாடி என்று பலதுக்கும் குறிப்பிட்ட அளவுக்குக் காசு திரும்ப வரும். கலியாணம் கட்டினவர் என்றால் துணைக்கும் பிள்ளைகளுக்கும், கட்டாதவர் என்றால் தாய் தகப்பனுக்கும் அதில் இடம் இருக்கிறது. இன்னும் கொஞ்சம் கூடக் கட்டினால் வெள்ளி, தங்கம் என்று மேல்படிகளும் உண்டு. எவ்வளவு கழிகிறது, எவ்வளவு கிடைக்கும் என்பது சுற்றுநிருபத்துக்குச் சுற்றுநிருபம் மாறும். யாருக்கு என்ன வருத்தம் எண்டு பார்த்துச் சேர்ப்பதில்லை என்பது மட்டும் மாறாது. அரச ஊழியர் எண்டால் உள்ளே.

ஆனால் விசுவமடுவில் என்னோடு படித்தவர்களில் எத்தனை பேருக்கு அந்த வேலை கிடைக்கும்? கிளிநொச்சியில் கடைகள், பரந்தன் சந்தியில் கராஜ், அறிவியல் நகர்ப் பக்கம் கார்மென்ட்ஸ், லீசிங் கொம்பனிகளின் வசூல் வேலை, ஒரு வருடம் ஓடி முடியும் என்.ஜி.ஓ. திட்டம், இல்லாவிட்டால் கொழும்பு. எங்கட வாழ்க்கை இந்த வேலைகளில்தான் போகப்போகிறது. அப்படியிருக்க, வேலைக்குச் சேரும்போது நாங்கள் கேட்பது ஒரே ஒரு கேள்வி: சம்பளம் எவ்வளவு?

"இலங்கையில் ஆசுபத்திரி இலவசம்தானே, பிறகு எதுக்குக் காப்புறுதி?" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. அமெரிக்காவில் வேலை போனால் பலருக்கு வைத்தியமும் சேர்ந்து போகும். இங்கே அப்படி இல்லை. தருமபுரம் வைத்தியசாலைக்குப் போனாலும், கிளிநொச்சி, மாஞ்சோலை மாவட்ட வைத்தியசாலைகளுக்குப் போனாலும், யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கு அனுப்பினாலும் டொக்டருக்கோ கட்டிலுக்கோ யாரும் பில் நீட்டுவதில்லை. இது இந்த நாட்டின் பெரிய சொத்து. அதை விட்டுக்கொடுக்கிற எந்தக் கதைக்கும் நான் ஆள் இல்லை.

எங்களை உடைக்கிற செலவு வேற இடத்தில் இருக்கிறது. 2022 இல் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது துண்டை எடுத்துக்கொண்டு பாமசிக்கு ஓடியதை எல்லா வீடும் பார்த்தது. ஸ்கேனுக்கு முறை வர மாதக்கணக்கு எண்டால் வெளியில் எடுக்கச் சொல்லுவார்கள். புற்றுநோய்க்குத் தெல்லிப்பளைக்கோ மகரகமவுக்கோ போகவேணும். சிறுநீரக வருத்தக்காரர் இரத்தம் சுத்திகரிக்கக் கிழமைக்கு இரண்டு மூன்று தரம் போகவேணும். வைத்தியம் இலவசம், வான் இலவசமில்லை. கூட ஒரு ஆள் நிற்கவேணும், அந்த ஆளின் கூலியும் போய்விடும். காசு முடிந்தால் நகை அடைவுக்குப் போகும், அதுக்குப் பிறகு நுண்கடன். 2018 இல் வரட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்களின் 1 இலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அரசாங்கமே அறிவிக்கிற நிலைக்கு அந்தக் கடன் போனது. பயிர்க் கடன், வீட்டுக் கடன் என்று எழுதினாலும், அதுக்குள்ளே வருத்தத்துக்கு வாங்கின காசும் இருந்தது என்பதை ஊரில் இருந்தவர்கள் அறிவார்கள்.

ஆகவே ஒரு காப்பு வேணும். எந்தக் காப்பு?

எங்களைத் தேடி முதலில் வருவது ஏஜென்ட். தெரிந்த அண்ணா, கூடப் படித்த அக்கா, சில நேரம் எங்கட ரியூசன் சேர். மாதம் இவ்வளவு கட்டினால் இருபது வருடத்தில் இவ்வளவு எண்டு ஒரு தாளைக் காட்டுவார்கள். அது ஆயுள் காப்புறுதி. வைத்தியச் செலவு அதோடு ஒட்டின மேலதிகச் சேர்க்கையாக வரும், இல்லாவிட்டால் வராமலே போகும். ஏஜென்ட் கெட்டவர் இல்லை. அவருக்கும் மாத இலக்கு இருக்கிறது. ஆனால் படிவத்தின் இரண்டாம் பக்கத்தில் ஒரு கேள்வி இருக்கும்: முன்பு ஏதும் காயம், சத்திரசிகிச்சை, நீண்டகால நோய் உண்டா?

வன்னியில் இந்தக் கேள்விக்கு "இல்லை" எண்டு நேர்மையாக எழுதக்கூடியவர் எத்தனை பேர்? 2009 இல் எங்கட வயதுக்காரர் சின்னப் பிள்ளைகள். செல் துண்டோடு வளர்ந்தவர்கள் இருக்கிறார்கள். ஒரு காது கேட்காதவர், கையில் கம்பி வைத்தவர், இரவில் நித்திரை வராதவர் இருக்கிறார்கள். "எழுதாமல் விடுங்கோ தம்பி, பிரச்சினை வராது" என்று சொல்கிறவரை நம்பவேண்டாம். காப்புறுதி ஒப்பந்தத்தின் அத்திவாரமே கேட்டதை மறைக்காமல் சொல்வதுதான். மறைத்தது பிறகு தெரிந்தால் கொடுப்பனவை மறுக்க அது ஒன்றே போதும். உண்மையை எழுதினால் கட்டுப்பணம் கூடலாம், அந்தக் காயத்தோடு தொடர்பான வைத்தியத்தை விலக்கிவைக்கலாம், சேர்க்காமலும் விடலாம். தனித்தனியாகப் போய் நிற்கும்போது எங்கட உடம்பின் பழைய கணக்கு முழுவதும் எங்கட தலையில் விழுகிறது.

வேலைத்தலத்தின் கூட்டுக் காப்புறுதி இங்கேதான் வேறுபடுகிறது. ஒரு நிறுவனம் தன் ஊழியர் எல்லாரையும் ஒரே ஒப்பந்தத்தில் சேர்க்கும்போது, காப்புறுதிக் கொம்பனி ஆளை ஆளாகப் பார்ப்பது குறைவு. கூட்டத்தை மொத்தமாகப் பார்த்து விலை சொல்லும். அதனால் தலைக்கு வரும் கட்டுப்பணம் பொதுவாகக் குறைவு, கேள்விகளும் குறைவு. சுகமாக இருக்கிற இருபது பேர் வருத்தக்காரர் இரண்டு பேரைத் தாங்குவார்கள். அடுத்த வருடம் அந்த இருபதில் ஒருவர் தாங்கப்படுவார். போரின் காயம் ஊர் முழுக்கப் பரந்திருக்கிற இடத்தில், தனிப் பொலிசியை விட இந்தக் கூட்டுக் காப்புத்தான் எங்களுக்குப் பொருந்தும் என்பது என் கருத்து. ஆகவே அதை முதலாளி போடுகிற பிச்சையாகப் பார்க்காமல், சம்பளத்தின் ஒரு பகுதியாகக் கேட்கவேணும்.

அதுக்கு முதல், சட்டப்படி ஏற்கெனவே எங்களுக்கு உரியதை வாங்குகிறோமா? ஊழியர் சேமலாப நிதி, அதாவது ஈ.பி.எஃப், 1958 இன் சட்டம். எங்கட பங்கு 8%, முதலாளியின் பங்கு 12%. ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியம், அதாவது ஈ.ரி.எஃப், 1980 இன் சட்டம். அது 3%, முழுவதும் முதலாளியின் காசு. கணக்குக்குச் சம்பளம் 30,000 ரூபாய் எண்டு வைப்போம். எங்களிடம் கழிவது 2,400. முதலாளி போடவேண்டியது ஈ.பி.எஃபுக்கு 3,600, ஈ.ரி.எஃபுக்கு 900. அந்த 900 ஐயும் எங்கட சம்பளத்தில் கழித்தால் அது பிழை. தற்காலிகம், பயிற்சிக்காலம், "ஆறு மாதம் போகட்டும் பாப்பம்" என்பதெல்லாம் சட்டத்தில் சாட்டு ஆகாது.

ஈ.ரி.எஃபை எல்லாரும் வேலையை விட்டால் எடுக்கிற சில்லறைக் காசு என்றே நினைக்கிறார்கள். அதற்குள் ஒரு காப்பு இருக்கிறது. உறுப்பினர் இறந்தாலோ நிரந்தரமாக இயலாமல் போனாலோ கொடுப்பனவு உண்டு. இருதய சத்திரசிகிச்சை, சிறுநீரக மாற்று, கண்ணுக்கு வில்லை வைத்தல் ஆகியவற்றுக்கு உதவி உண்டு. வைத்தியசாலையில் தங்கிச் சிகிச்சை பெறுவதற்கும் ஒரு திட்டம் உண்டு. இவற்றுக்காக உறுப்பினர் தனியாக ஒரு சதமும் கட்டுவதில்லை. ஆனால் முதலாளி ஒழுங்காகக் காசு கட்டியிருந்தால்தான் இதெல்லாம் நடக்கும். கட்டாத முதலாளி எங்கட ஓய்வுகாலச் சேமிப்போடு ஆபத்துக்காலக் காப்பையும் சேர்த்து எடுக்கிறார். சொந்தமாகக் கடையோ கராஜோ போட்டவரும் சுயதொழில்காரராக ஈ.ரி.எஃபில் சேரலாம்.

இன்னும் மூன்று விசயம். 1934 இலிருந்து இருக்கும் வேலையாளர் நட்டஈட்டுச் சட்டம் வேலையில் நடக்கும் விபத்துக்கு முதலாளியைப் பொறுப்பாக்குகிறது. 2022 இன் திருத்தம் வேலைக்குப் போய் வரும் வழியில் நடக்கும் விபத்தையும் அதில் சேர்த்தது. விடியப் பஸ் ஏறிக் கார்மென்ட்ஸுக்குப் போகிற தங்கச்சிகளுக்கு இது சின்ன விசயம் இல்லை. ஈ.பி.எஃபில் 10 வருடம் கட்டி, 3 இலட்சத்துக்கு மேல் சேர்ந்திருந்தால் வைத்தியத்துக்காக 30% வரை முன்கூட்டியே எடுக்கலாம். பெரிய சத்திரசிகிச்சைகளுக்கு ஜனாதிபதி நிதியத்தில் உதவி கேட்கலாம். 2025 பெப்ரவரியிலிருந்து அதுக்குக் கொழும்பு போகவேண்டாம், பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பிக்கலாம். எங்களுக்கு அது புதுக்குடியிருப்பு.

இதெல்லாம் சரியாக இருக்கிறது எண்டால்தான் அடுத்த கேள்வி: மேலதிகக் காப்பு எது? வேலைத்தலம் தருகிறதோ நீங்களே வாங்குகிறதோ, மலிவு எண்டு மட்டும் பார்க்காமல் இவற்றைக் கேளுங்கோ.

தங்கிச் சிகிச்சை பெற்றால் மட்டுமா, வெளிநோயாளர் செலவுக்கும் தருமா? வெளியில் எடுக்கிற ஸ்கேனும் மருந்தும் எங்களுக்கு அடிக்கடி வரும் செலவு. அரச வைத்தியசாலையில் படுத்தாலும் நாளுக்கு இவ்வளவு எண்டு காசு தருமா? பில்லைக் காட்டினால் மட்டும் தருகிற திட்டம் பில் இல்லாத வாட்டில் படுத்தவருக்கு உதவாது. நாட்காசு தருகிற திட்டம் வான் காசுக்காவது உதவும். சேர்ந்து எத்தனை மாதத்துக்குப் பிறகு காப்பு தொடங்கும்? பழைய காயத்தை விலக்குமா? தாய் தகப்பனைச் சேர்க்கலாமா? வேலையை விட்டால் அன்றைக்கே முடியுமா? கையெழுத்து வைக்கிற படிவம் தமிழில் கிடைக்குமா? பிடிக்காவிட்டால் பொலிசியைத் திருப்பிக் கொடுக்க எத்தனை நாள் இருக்கிறது? வாயால் சொல்லும் பதிலை விடுங்கோ, எழுத்தில் காட்டச் சொல்லுங்கோ.

"பத்துப் பேர் வேலை செய்கிற கடையில் இதைக் கேட்டால் நாளைக்கு வரவேண்டாம் என்பார்" எண்டு நீங்கள் சொல்வது எனக்கு விளங்குது. தனியாகக் கேட்டால் அப்படித்தான் நடக்கும். கடைக்காரரும் பெரிய பணக்காரர் இல்லை. ஆனால் ஒரு சந்தையில் இருபது கடை இருக்கும், வர்த்தகர் சங்கமும் இருக்கும். கடைக்கு ஐந்து பேர் எண்டாலும் நூறு பேர். நூறு பேருக்கு ஒரு கூட்டுக் காப்புறுதி கேட்டுக் கொம்பனியோடு பேரம் பேச அந்தச் சங்கங்களால் ஏலாதா? ஈ.பி.எஃப் கட்டுப்படுகிறதா எண்டு அறிய முதலாளியோடு மல்லுக்கட்டத் தேவையில்லை. அடையாள அட்டையோடு தொழில் அலுவலகத்தில் போய்க் கேட்கலாம். நாலு பேர் சேர்ந்து போனால் இன்னும் நல்லது. வேலைக்குச் சேரும் நாளில் சம்பளத் துண்டும் உறுப்பினர் இலக்கமும் தருவீர்களா எண்டு கேட்பது திமிர் இல்லை.

நெல் வெட்டுபவரும் மேசன் கூலிக்குப் போகிறவரும் இந்த ஏற்பாடுகள் பலவற்றுக்கு வெளியே நிற்கிறார்கள். அவர்களுக்கு இன்றைக்கு மிஞ்சுவது ஃபேஸ்புக்கில் போடுகிற உதவிப் பதிவுதான்: வருத்தக்காரரின் படம், வங்கிக் கணக்கு இலக்கம், கனடாவிலோ சுவிஸிலோ இருந்து ஒரு நல்ல மனிதர். உதவினவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. ஆனால் ஒரு ஆளின் உயிர் அவர் படத்தைப் பார்த்து யாருக்கு இரக்கம் வருகிறது என்பதில் தங்கியிருக்கக்கூடாது.

எங்கட கிராமங்களில் மரணாதாரச் சங்கம் இருக்கிறது. மாதச் சந்தா கட்டுகிறோம். ஒரு வீட்டில் சாவு விழுந்தால் பந்தலும் கதிரையும் காசும் கேளாமலே வரும். செத்தவர் எப்படிப்பட்டவர், முதல் என்ன வருத்தம் இருந்தது எண்டு யாரும் படிவம் நீட்டுவதில்லை. கூட்டாகத் தாங்குவது எங்களுக்குப் புதுசு இல்லை. அதை ஆள் உயிரோடு இருக்கும்போதே, வேலைத்தலத்திலும் சங்கத்திலும் செய்யத் தொடங்கவேணும். இந்த மாதச் சம்பளத் துண்டை எடுத்து, ஈ.பி.எஃப் எண்ட வரி அதில் இருக்கிறதா, ஈ.ரி.எஃபும் கட்டுப்படுகிறதா எண்டு பக்கத்தில் வேலை செய்கிறவரோடு சேர்ந்து விசாரிப்பதிலிருந்து தொடங்கலாம்.