ரொறன்ரோவுக்கு எத்தனை மணித்தியாலம்?



வெளிநாட்டிலுள்ள பிள்ளைகள் அனுப்பும் விமானச் சீட்டைக் கொண்டுவந்து, "இதை ஒருக்கா வாசிச்சுச் சொல்லுங்கோ" என்று கேட்கும் தாய்மார் கண்டியில் பலர். அண்மையில் கட்டுகஸ்தோட்டையிலிருந்து ஓர் அம்மா வந்திருந்தார். 1995 ஒக்டோபர் இடப்பெயர்வின்போது நாவற்குழிப் பாலத்தைக் கடக்க ஓர் இரவு முழுவதும் நடந்தவர். இப்போது ரொறன்ரோவிலுள்ள மகனிடம் போகிறார். நீரிழிவு நோயாளி.

கட்டுநாயக்காவில் மாலை 7.00 மணிக்குப் புறப்பட்டு, டுபாயில் மாறி, மறுநாள் காலை 9.30க்கு ரொறன்ரோவில் இறங்குவதாகச் சீட்டில் இருந்தது. "பதினாலரை மணித்தியாலந்தானே பிள்ளை. ரெண்டு நேரக் குளிசை கைப்பையிலை இருக்கு. இன்சுலினைப் பெரிய பெட்டிக்குள்ளை வைச்சிட்டன்" என்றார்.

சீட்டில் புறப்படும் நேரம் எமது நேரம். இறங்கும் நேரம் அந்த ஊரின் நேரம். கோடை காலத்தில் ரொறன்ரோ எம்மைவிட 9½ மணித்தியாலம் பிந்தியது, குளிர்காலத்தில் 10½. ஆகவே அம்மாவின் பயணம் பதினாலரை அல்ல, 24 மணித்தியாலம். டுபாய்க்கு ஏறக்குறைய 3,300 கிலோமீற்றர், நாலரை மணித்தியாலத்துக்குச் சற்று மேல். அங்கே ஐந்து மணித்தியாலத்துக்கு மேல் காத்திருப்பு. பின்னர் 11,000 கிலோமீற்றர், பதினான்கு மணித்தியாலம் ஒரே இருக்கை. (இலண்டனுக்கென்றால் நேரடி விமானம் உண்டு, ஏறக்குறைய 8,700 கிலோமீற்றர், 11 மணித்தியாலம். திரும்பி வரும்போது மேற்கிலிருந்து வீசும் மேல்வானக் காற்று பின்னாலிருந்து தள்ளுவதால் நேரம் குறையும்.)

கண்டியிலிருந்து போகும் தூரத்தை எவரும் கணக்கில் எடுப்பதில்லை. கட்டுநாயக்காவுக்கு நூறு கிலோமீற்றருக்குச் சற்று அதிகம். வானில் மூன்று மணித்தியாலமாவது வேண்டும். விமானத்துக்கு மூன்று மணித்தியாலம் முன்னதாக அங்கே நிற்க வேண்டும். 2025 நவம்பரில் பஹல கடுகண்ணாவையில் மண்சரிந்து வீதி மூடப்பட்டதை நாம் கண்டோம். மழைக்காலமென்றால் இன்னும் நேரத்தோடு வெளிக்கிடுங்கள். அம்மாவை மதியம் 12 மணிக்கே புறப்படச் சொன்னேன். அப்படியானால் வீட்டு வாசலிலிருந்து 31 மணித்தியாலம்!

இன்சுலினைப் பெரிய பெட்டியில் வைக்கவே கூடாது. சரக்கறைக் குளிரில் உறையலாம். உறைந்த இன்சுலின் உதவாது. பெட்டி பிந்தி வந்தாலும் ஆபத்து. எல்லா மருந்தும் கைப்பையில், வைத்தியரின் ஆங்கிலக் கடிதத்தோடு இருக்கட்டும். மேற்கே போகும்போது பகல் நீளும். எந்த நேரம் எவ்வளவு ஊசி என்பதைக் கிளினிக் கொப்பியைக் கொண்டுபோய் வைத்தியரிடமே கேட்க வேண்டும். அயலவர் சொல்வதைக் கேட்காதீர்கள். வழியில் தண்ணீர் குடியுங்கள், இடைக்கிடை எழுந்து நடவுங்கள்.

மொழி தெரியாதே என்ற பயம் அம்மாவுக்கு இருந்தது. சக்கர நாற்காலி உதவி வேண்டுமென்று மகன் விமான நிறுவனத்துக்கு முன்கூட்டியே அறிவித்தால், டுபாயில் அடுத்த விமானத்தின் வாசல்வரை கூட்டிச் செல்வார்கள். நடக்க முடிந்தவர் கேட்பதில் வெட்கமில்லை.

இங்கே காத்திருக்கும் மகளுக்கும் ஒரு கணக்கு எழுதிக் கொடுத்தேன். அம்மா ரொறன்ரோவில் சோதனைகள் முடிந்து வெளியே வரக் காலை 11 மணியாகலாம். அப்போது கண்டியில் இரவு எட்டரை. அதற்கு முன் தொலைபேசி அடிக்கவில்லையென்று அழத் தேவையில்லை.