கட்டலான் கேட்கும் செவியும் கல்லாற்றுப் பாட்டும்

ஸ்பானிய, கட்டலான் மொழிகளின் சுயாதீன இசையை விரும்பிக் கேட்கும் ஆய்வு மாணவர்கள் இன்று திருவனந்தபுரத்திலும் சென்னையிலும் அரியர் அல்லர். கிரனாடாவின் லாஸ் பிளானெட்டாஸ், பார்சிலோனாவின் மானெல், மயோர்க்காத் தீவின் ஆந்தோனியா ஃபோன்ட் ஆகிய குழுக்களின் பெயர்கள் கருத்தரங்கத் தேநீர் இடைவேளைகளில் புழங்குகின்றன. சொல் புரியாத பாடலை அதன் ஒலிக்காகவே கேட்கும் பழக்கம் மொழி பயில்வோருக்கு நன்மையே செய்யும். அதில் குறை காண ஏதும் இல்லை.

குறை அந்தக் கேட்டலிலிருந்து பெறப்படும் முடிவில் இருக்கிறது. "அரசுமொழி ஒன்றின் நிழலில் வாழ்ந்த சிறுமொழி, கலைஞர்களின் ஆர்வத்தாலும் இணையத்தின் தயவாலும் உலகச் செவிகளை எட்டிவிட்டது, எந்தச் சிறுமொழிக்கும் இது இயலும்" என்பது அம்முடிவு. கட்டுரைகளிலும் வகுப்பறைகளிலும் இது ஆய்வுண்மைபோலத் திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது. வரலாறு இதற்குச் சான்று தரவில்லை. இம்முடிவை நம்புவோரின் ஊர்ப்பக்கத்திலேயே இதற்கு மறுப்பும் இருக்கிறது.

முதலில் கட்டலான் வரலாறு. 1939-இல் ஃபிராங்கோ வென்றபின் பள்ளியிலிருந்தும் அச்சிலிருந்தும் பொதுமேடையிலிருந்தும் தள்ளப்பட்ட மொழி அது. 1961-இல் 'பதினாறு நீதிபதிகள்' எனப் பொருள்படும் பெயருடன் பாடகர் குழு ஒன்று பார்சிலோனாவில் கூடியது. அதே ஆண்டில் எடிக்சா என்னும் இசைத்தட்டு நிறுவனமும் தோன்றியது. 1968-இல் யூரோவிஷன் போட்டியில் கட்டலானில் பாட இசைவு கிடைக்காததால் ஜோவான் மனுவேல் செர்ராத் போட்டியிலிருந்தே விலகினார். வேறொரு பாடகி ஸ்பானிய மொழியில் பாடி வென்றார். ஃபிராங்கோ 1975-இல் மறைந்தபின், 1983-இல் கட்டலான் மொழிச் சட்டமும் டிவி3 என்னும் கட்டலான் தொலைக்காட்சியும் வந்தன. பள்ளி அம்மொழியில் நடந்தது. அப்பள்ளிகளில் பயின்ற தலைமுறைதான் 1991 ஜூன் 14 அன்று பார்சிலோனாவின் பலாவ் சாந்த் ஜோர்தி அரங்கில் நான்கு கட்டலான் ராக் குழுக்களைக் கேட்க 20,000 பேருக்கும் மேலாகத் திரண்டது. மானெல் குழுவின் தொகுப்பு 2011-இல் ஸ்பெயின் முழுமைக்குமான விற்பனைப் பட்டியலில் முதலிடம் பெற்றது அதற்கும் இருபது ஆண்டுகள் கழித்து.

சட்டம், பள்ளி, தொலைக்காட்சி, இசைத்தட்டு நிறுவனம், அரங்கம் ஆகிய ஐந்தும் கூடி எழுப்பிய மாடத்தின் உச்சியில்தான் அந்த 'சுயாதீன' இசைக்குழு நின்று பாடுகிறது. மாடத்தை மறைத்துவிட்டுப் பாடகரை மட்டும் காட்டுவது கேட்பு மென்பொருளின் இயல்பு. அதையே ஆய்வாளரும் செய்யலாமா?

ஸ்பானியக் கதையும் இதையே வேறு திசையிலிருந்து சொல்கிறது. ஸ்பானியம் சிறுமொழி அன்று, கோடிக்கணக்கானோர் பேசுவது. இருந்தும் 1990-களின் தொடக்கத்தில் அந்நாட்டின் சுயாதீனக் குழுக்கள் பல ஆங்கிலத்திலேயே பாடின. பெருமொழிக்காரருக்கே தம் மொழியில் பாடுவது தனியே எடுக்க வேண்டிய முடிவாக இருந்தது. இந்திய ராக் குழுக்களுக்கும் ஆங்கிலமே நெடுங்காலம் இயல்பு மொழியாக இருந்தது. 2003-இல் திருவனந்தபுரத்தில் உருவாகி, 2008-இல் முதல் தொகுப்பை வெளியிட்ட அவியல் குழு, மலையாளத்தில் ராக் பாடியதே அப்போது பேசுபொருளாயிற்று. பாட்டின் மொழி தானாக அமைவதில்லை. யாரோ அதற்கு விலை கொடுக்கிறார்கள்.

இனி அந்த நகரிலிருந்து பொன்முடிச் சாலையில் மலைநோக்கிச் செல்லலாம். இருபத்திரண்டு கொண்டையூசி வளைவுகள் ஏறத் தொடங்குமுன் வரும் அடிவாரம் கல்லாறு. உருண்ட பாறைகளுக்கிடையே ஓடிப் பின் வாமனபுரம் ஆற்றோடு கலக்கும் நீரே ஊருக்குப் பெயர். விடுமுறை நாள்களில் நகரத்து வண்டிகள் மீன்முட்டி அருவியைத் தேடி வருகின்றன. சுற்றியுள்ள காடுகளில் காணிக்காரர்களின் குடியிருப்புகள் இருக்கின்றன. 1956 நவம்பர் 1 அன்று மாநிலங்கள் பிரிந்தபோது இவர்களுடைய மலையும் இரண்டாயிற்று; ஒரு பகுதியினர் கேரளத்திலும், மற்றொரு பகுதியினர் குமரி, நெல்லை மலைகளில் தமிழ்நாட்டிலும் பழங்குடிப் பட்டியலில் உள்ளனர். தமிழுக்கும் மலையாளத்துக்கும் நெருங்கிய அவர்களின் பேச்சு அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் இல்லை.

காணிக்காரரின் பாட்டு மரபில் தலையாயது சாற்று. நோய் தீர்க்கவும் தீங்கு விலக்கவும் இரவில் பாடப்படுவது. பாடுபவர் பிலாத்தி. அவருக்குத் துணை கொக்கரை: இரும்புக் குழலொன்றின் பல் வெட்டிய ஓரத்தை இரும்புக் கம்பியால் உரசித் தாளம் எழுப்பும் கருவி. பாட்டும் மருந்தும் அங்கு ஒரே அறிவின் இரு கைகள். கல்லாற்றின் காட்டுக் குடியிருப்பில் வாழும் லட்சுமிக்குட்டி அம்மா இதற்குக் கண்கூடான சான்று. நூற்றுக்கணக்கான மூலிகை மருந்துகளை நினைவிலிருந்தே செய்யும் அவருக்கு 2018-இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. செய்தித்தாள்கள் அவரை 'வனமுத்தச்சி' என்று கொண்டாடின. அவர் கவிதையும் பாட்டும் கட்டுபவர், நாட்டாரியல் கற்பித்தவர் என்பவை பெரும்பாலும் செய்தியின் கடைசி வரிக்குத் தள்ளப்பட்டன. மருந்து அறிவாகவும், பாட்டு அதன் அலங்காரமாகவும் எண்ணப்பட்டதன் விளைவு அது.

'சுயாதீனம்' என்னும் சொல்லை இங்கே நிறுத்திச் சோதிக்கலாம். பெருநிறுவனத்தையோ திரைப்படத்தையோ சாராத இசை சுயாதீன இசை என்றால், சாற்றைவிடச் சுயாதீனமானது எது? ஆயினும் எந்தப் பட்டியலும் அதை அப்பெயரால் அழைப்பதில்லை. பார்சிலோனாவின் கிட்டார் 'சமகாலம்', பொன்முடி அடிவாரத்தின் கொக்கரை 'மரபு'. முன்னது கேட்பதற்குரியது, பின்னது ஆவணப்படுத்துவதற்குரியது. முன்னதைப் பாடுபவர் கலைஞர், பின்னதைப் பாடுபவர் ஆய்வேட்டில் 'தகவலாளி'. மொழியியல் துறை இச்சொல்லைக் கூசாமல் கையாள்கிறது. பாடியவரைத் தகவலாளி ஆக்கியதும், பாட்டு தகவல் ஆகிவிடுகிறது. தகவலுக்கு உரிமையாளர் இல்லை.

இதற்கு ஆய்வுலகின் ஆயத்த விடை, "பதிவு செய்து இணையத்தில் ஏற்றிவிட்டால் போதும், உலகம் கேட்கும்" என்பது. உலகம் கேட்கலாம், பயன் யாருக்கு? ஸ்பாட்டிஃபை 2024 முதல் பின்பற்றும் விதிப்படி, பன்னிரண்டு மாதங்களில் 1,000 முறையேனும் கேட்கப்படாத பாடல் பதிவுக்குரிய பங்குத்தொகையைப் பெறாது. சில ஆயிரம் பேர் பேசும் மொழியின் பாட்டு எந்தப் பக்கம் விழும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. கோடிகளைத் தொட்ட பாடலின் கதியும் தெரிந்ததே. தேயிலைத் தோட்டத்து முன்னோரின் நினைவைத் தாங்கி 2021 மார்ச்சில் வந்த 'என்ஜாய் என்ஜாமி' சுயாதீனக் கலைஞர்களுக்கான மேடை என்ற அறிவிப்போடு வெளியானது. மூன்றாண்டு கழித்து, அதனால் தமக்கோ உடன் பணியாற்றியோருக்கோ வருவாய் ஏதும் வரவில்லை என்று இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் வெளிப்படையாகச் சொன்னார். புகழ்பெற்றவர்களுக்கே இந்நிலை என்றால், கல்லாற்றுப் பிலாத்திக்கு எது காப்பு?

சட்டமும் காக்கவில்லை. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் ஆசிரியர் ஒருவரைத் தேடுகிறது. தலைமுறைகள் கூடிக் கட்டிய பாட்டுக்கு அங்கே இடமில்லை. நிகழ்த்துநர் உரிமை 1994-இல் சேர்க்கப்பட்டு 2012-இல் வலுவாக்கப்பட்டது உண்மை. ஆனால் அவ்வுரிமை பாடியவரின் அந்நிகழ்வுக்கு உரியது, பாட்டுக்கு அன்று. ஒருமுறை கேட்டவர் ஊருக்குத் திரும்பித் தம் குரலில் பாடிவிட்டால், காணிக்காரர் கேள்வி கேட்கச் சட்டத்தில் வழி இல்லை.

வேறு வழியே இல்லையா என்றால், இருந்தது. அதே மலையில் இருந்தது. 1987-இல் அகத்தியமலைக்குச் சென்ற அறிவியலாளர்கள், உடன்வந்த காணிக்காரர்கள் ஒரு செடியின் காயைத் தின்று களைப்பின்றி நடப்பதைக் கண்டனர். ஆரோக்கியப்பச்சை என்னும் அச்செடியிலிருந்து பாலோட்டிலுள்ள வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா 'ஜீவனி' என்னும் மருந்தை உருவாக்கியது. 1995-இல் கோவை நிறுவனம் ஒன்றுக்கு 10 லட்சம் ரூபாய்க்கும் விற்பனையில் 2 விழுக்காட்டுக்கும் உரிமம் தரப்பட்டது. வரும் தொகையில் பாதி காணிக்காரருக்கு என்று முடிவாகி, 1997-இல் அவர்களுக்கென அறக்கட்டளை பதிவாயிற்று. குறைகள் பல: எல்லாக் குடியிருப்புகளையும் கலந்து பேசவில்லை; செடியைப் பயிரிட்டு விற்பதில் வனத்துறையோடு இழுபறி ஏற்பட்டது. ஆயினும் உலகெங்கும் பயன்பகிர்வுக்கு முன்னோடியாக இது பேசப்படுகிறது. செடியைக் காட்டியவருக்குப் பாதி என்று ஏற்ற அறிவுலகம், பாட்டைக் காட்டியவருக்கு நன்றியுரையில் ஒரு வரியோடு நின்றுவிடுகிறது.

எதிர்வாதம் ஒன்று எழும்: காணி இளைஞரை அருங்காட்சியகப் பொருளாக்கிவிடலாகாது, அவர்களுக்கும் கிட்டார் வேண்டும். முற்றிலும் சரி. கானாவை 2018 ஜனவரியில் சென்னை மேடையில் ராக்கோடும் ராப்போடும் சேர்த்த 'கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' யாரிடமும் இசைவு கேட்கவில்லை. அது பாடியவர்களின் சொந்தச் சொத்து. சாற்றோடு எதைச் சேர்ப்பது, எதைச் சேர்க்காதிருப்பது, எதை வெளியார் செவிக்கே விடாதிருப்பது என்று முடிவு செய்ய வேண்டியவர்கள் காணிக்காரர்களே. ஆய்வாளரின் கடமை அம்முடிவுக்கு இடம் விடுவது.

கட்டலான் இசையிலிருந்து கற்க வேண்டிய பாடமும் இங்கேதான் இருக்கிறது. 1920-களில் தொடங்கி உள்நாட்டுப் போர் வரை அங்கே ஊர் ஊராகச் சென்று மக்கள் பாடல்களைத் திரட்டினர். அப்பணிக்குப் பொருளுதவி செய்த ரஃபேல் பச்சோட் நாடு நீங்க நேர்ந்தது. அவரோடு போன ஆவணங்கள் 1991-இல்தான் மொன்செராத் மடத்துக்குத் திரும்பின. 2017-இல் மரியா அர்னாலும் மார்செல் பாகெஸும் பழைய களப்பதிவுகளைக் கேட்டு அவற்றின்மேல் புதிய இசையை எழுப்ப முடிந்ததென்றால், பதிவுகள் அம்மொழியினர் எட்டும் தொலைவில் இருந்ததே காரணம். கல்லாற்றில் இன்று பதிவாகும் பாட்டை 2050-இல் ஒரு காணிப் பெண் எங்கே சென்று கேட்பாள்? ஆய்வாளரின் வன்தட்டிலா?

வேண்டுவன சில, எவையும் அரியன அல்ல. ஆய்வேட்டில் 'தகவலாளி' போய்ப் பாடியவரின் பெயர், அவர் விரும்பினால், நூலடைவில் ஆசிரியர் நிரையில் வரட்டும். ஒவ்வொரு பதிவின் படியும் முதலில் குடியிருப்பில் இருக்கட்டும். ஊர் இசையாத பாட்டு இணையம் ஏறாதிருக்கட்டும். பல்கலைக்கழகம் கொக்கரைக்காரரை மேடைக்கு அழைத்தால், அன்று காலை சிறப்புரை ஆற்றிய பேராசிரியருக்குத் தந்த அதே தொகையைத் தரட்டும். மாநில எல்லைக்கு இருபுறமும் உள்ள மொழித் துறைகள், ஒரே பாட்டைத் தமிழ் என்றும் மலையாளம் என்றும் பங்கு போடுவதை விட்டு, அதன் சொந்தப் பெயரால் அழைக்கட்டும்.

மானெலைத் தொடர்ந்து கேட்கலாம், மறுப்பார் யாருமில்லை. ஆனால் கட்டலானின் வெற்றியைச் சான்று காட்டிச் சிறுமொழிகளுக்கு நம்பிக்கையூட்டும் கட்டுரையை எழுத உட்காருமுன், நெடுமங்காட்டு வழியே மலையேறும் பேருந்தில் ஒருமுறை கல்லாறு வரை போய்வருவது நன்று. கையில் ஒலிப்பதிவுக் கருவி இல்லாமல் போவது இன்னும் நன்று.