இருபது டாலர்த் துப்பாக்கியும் தரம் என்ற சொல்லும்

ஜான் கென்னடி கொலையைப் பற்றி எழுதுவோர் பலரும் ஓரிடத்தில் நின்று வியக்கிறார்கள். இருபது டாலருக்கு அஞ்சலில் வரவழைத்த பழைய இத்தாலியத் துப்பாக்கி ஒன்றால், ஓடும் காரில் இருக்கும் மனிதரைக் குறி தவறாமல் சுட முடியுமா என்பது அவ்வியப்பு. சதிக் கோட்பாட்டை நம்புவோர்க்கு இது முதற்சான்று. நம்பாதோர்க்கும் ஓர் உறுத்தல். கொலையை யார் செய்தார், எத்தனை பேர் சேர்ந்து செய்தனர் என்ற வழக்கிற்குள் நாம் இங்கே நுழையப்போவதில்லை. அவ்வியப்புக்குள் ஓர் ஊகம் ஒளிந்திருக்கிறதே, அதுவே நம் பொருள். விலை குறைந்த துப்பாக்கி தரம் குறைந்ததாகத்தான் இருக்க வேண்டும் என்ற ஊகம்.

தமிழ் கற்பிப்பவருக்குத் துப்பாக்கியோடு என்ன வழக்கு என்று அன்பர்கள் கேட்கக்கூடும். கல்லூரி நாளில் என்.சி.சி. முகாமில் .22 துப்பாக்கியால் ஐந்து தோட்டாக்கள் சுட்டதோடு நம் அனுபவம் முடிந்தது. அவற்றில் ஒன்றாவது பலகையில் பட்டதா என்பதைப் பயிற்சியாளர் கடைசிவரை நம்மிடம் சொல்லவில்லை. ஆனால் தரம், மதிப்பு என்ற இரு சொற்களைக் கொண்டு பிழைப்பு நடத்துகிறவர்கள் நாம். அச்சொற்கள் வேறு சந்தையில் எப்படி உருக்குலைகின்றன என்று பார்ப்பது நமக்கும் பயன் தரும்.

அந்தத் துப்பாக்கியின் பெயர் கார்கானோ. 1891இல் இத்தாலியப் படை ஏற்றுக்கொண்ட வகை. இரண்டாம் உலகப்போர் வரை பல வடிவங்களில் உருவாக்கப்பட்டது. டாலஸ் நகரில் 1963 நவம்பர் 22 அன்று கண்டெடுக்கப்பட்டது 91/38 எனும் குட்டை வடிவம். 1940இல் டெர்னி நகர ஆயுதச்சாலையில் செய்யப்பட்டது. வரிசை எண் சி2766. போருக்குப் பின் இத்தாலியப் படை அமெரிக்கத் துப்பாக்கிக்கு மாறியது. மிஞ்சிப்போன கார்கானோக்கள் கப்பல் கப்பலாக அமெரிக்கா சென்றன. சிகாகோவின் விளையாட்டுப் பொருள் கடை ஒன்று அதனை 12 டாலர் 78 சென்டுக்கு விற்றது. தொலைநோக்கி பொருத்தினால் 19 டாலர் 95 சென்ட். அஞ்சல் செலவு ஒன்றரை டாலர் சேர்த்து 21 டாலர் 45 சென்டைப் பொய்ப்பெயரில் செலுத்தி வாங்கினார் ஆஸ்வால்ட்.

இவ்விலை எதைக் காட்டுகிறது? கிடங்கில் எவ்வளவு குவிந்திருந்தது என்பதைக் காட்டுகிறது. எஃகின் இயல்பையோ குழலின் செம்மையையோ அது காட்டுவதில்லை. ஓர் அரசு தன் படைக்காகக் காசைப் பாராமல் செய்வித்த பொருளை, வேறோர் அரசு எடைக்கு எடை விற்கும்போது பிறக்கும் விலை அது. பதிப்பகத்தார் கிடங்கைக் காலிசெய்யும் நாளில் நல்ல நாவலொன்று பத்து ரூபாய்க்குக் கிடைப்பதில்லையா?

கார்கானோவுக்குக் கெட்டபெயர் வந்ததற்கு விலைக்கு வெளியே காரணங்கள் உண்டு. அவற்றுள் ஒன்று சுவையானது. இத்தாலியர்கள் 6.5 மி.மீ. என்று அழைத்த இக்குழலின் உள்வரிப் பள்ளங்கள், அதே அளவு சொல்லப்பட்ட பிற நாட்டுத் துப்பாக்கிகளைவிடச் சற்று ஆழமானவை. அமெரிக்கக் கடைகளில் வழக்கமாகக் கிடைத்த 6.5 மி.மீ. குண்டோ ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் நான்கு பங்கு ஒல்லி. ஒல்லிக் குண்டு வரிகளைச் சரியாகப் பற்றாது, எங்கோ போகும். வீட்டிலேயே தோட்டா நிரப்பிச் சுட்டவர்கள் குண்டைக் குறை சொல்லாமல் துப்பாக்கியைப் பழித்தார்கள். பாடபேதம் தெரியாமல் பாடலைப் பழிப்பவர்களை நாம் அறிவோம். மற்றொரு காரணம், வகைக்குள்ளேயே இருந்த ஏற்றத்தாழ்வு. பழைய நீளத் துப்பாக்கிகளின் குழலில் வரிகளின் முறுக்கு முனையை நோக்கிப் போகப்போக இறுகும். தேய்ந்துபோன அத்தகைய துப்பாக்கிகளை 1920களில் குட்டையாக வெட்டியபோது இறுகிய பகுதியே வெட்டுண்டு போயிற்று. வெட்டுப்பட்ட ஒன்றைச் சுட்டுப் பார்த்தவர் கார்கானோ முழுவதையும் சபித்தார். வேறொன்றைச் சுட்டவர் வியந்தார்.

வாரன் ஆணையம் செய்தது, வகையை விட்டுவிட்டு அந்த ஒற்றைத் துப்பாக்கியை எடுத்துக்கொண்டது. எஃப்.பி.ஐ. வல்லுநர்களும் படைத்துறை ஆய்வாளர்களும் சி2766ஐயே, அமெரிக்க ஆலையொன்று செய்த அதற்குரிய சரியான தோட்டாவைக் கொண்டு சுட்டுப் பார்த்தார்கள். குண்டுகள் சிதறாமல் நெருங்கி விழுந்தன. அக்காலப் படைத் துப்பாக்கிகளுக்குக் குறையாத துல்லியம் என்பது படைத்துறை ஆய்வாளரின் சாட்சியம். அதே சோதனையில் தொலைநோக்கி பல்லிளித்தது. அதைச் சரிசெய்யப் பொருத்தியின் அடியில் மெல்லிய தகட்டுத் துண்டுகளைச் செருக வேண்டியிருந்தது. அதாவது விலையை ஏழு டாலர் உயர்த்திய உறுப்பே அந்தப் பொருளின் மிகத் தாழ்ந்த உறுப்பு. தொலைவும் நாம் கற்பனை செய்யுமளவு பெரிதன்று. ஆணையத்தின் கணக்கில் தலையில் பட்ட குண்டு சென்றது ஏறத்தாழ 265 அடி.

இதனால் மட்டும் ஒருவர் குற்றவாளி என்று முடிவாகிவிடாது. துப்பாக்கி குப்பை, ஆகவே கதை பொய் என்ற வாதம் மட்டும் விழுந்துவிடுகிறது. ஐயத்துக்கு வேறு சான்றுகள் இருப்பின் அவற்றைக் கொண்டு வாதிடுவதே நேர்மை.

குப்பை என்ற சொல்லை முதலில் யார் சொன்னார் என்பது இன்னும் கவனிக்கத்தக்கது. இத்துப்பாக்கிகளை இறக்குமதி செய்த நியூயார்க் நிறுவனம், அவை பழுதானவை என்று சொல்லி, செப்பனிட்டு அனுப்பிய இத்தாலியப் பட்டறைக்குப் பணம் தர மறுத்தது, விவகாரம் வழக்காயிற்று. அமெரிக்க மக்களுக்குக் கூவி விற்றதும் அதே சரக்குத்தான். மறுபுறம், உள்நாட்டுத் துப்பாக்கி ஆலைகள் இந்த மலிவுச் சரக்கால் தம் சந்தை சரிவதைக் கண்டு முறையிட்டுக்கொண்டிருந்தன. அவ்வாலைகள் பல நியூ இங்கிலாந்துப் பகுதியில் இருந்தவை. அவற்றின் குறையைக் கேட்டு, படைப் பயன்பாட்டுக்குச் செய்த அயல்நாட்டுத் துப்பாக்கிகளின் இறக்குமதியைத் தடைசெய்ய 1958இல் செனட்டில் ஒரு மசோதா கொண்டுவரப்பட்டது. கொண்டுவந்தவர் மாசசூசெட்ஸ் செனட்டர் ஜான் எஃப். கென்னடி. அதன் நோக்கம் குற்றத் தடுப்பன்று, ஆலைப் பாதுகாப்பு. அது அவ்வடிவில் நிறைவேறவில்லை. இச்செய்தியை முதன்முறை படித்தபோது நாம் புத்தகத்தை மூடிவைத்துவிட்டோம். புனைகதையில் ஒருவர் இப்படி எழுதியிருந்தால் செயற்கை என்று ஓரத்தில் குறித்திருப்போம்.

விற்பவர்க்கு அருமையான பொருள், பணம் தர வேண்டியவர்க்குப் பழுது, போட்டியாளர்க்கு ஆபத்து, சதி தேடுவோர்க்குக் குப்பை. ஒரே துப்பாக்கிதான். சொன்னவர்களில் ஒருவரும் குழலுக்குள் எட்டிப் பார்த்துச் சொல்லவில்லை. சுடுமா, எத்தனை நெருக்கமாகச் சுடும், யாருடைய கைக்குப் போகும் என்ற கேள்விகளைக் கேட்காமல் விலையை மட்டும் பார்த்ததால்தான், பன்னிரண்டு டாலர்ப் பொருளை அஞ்சலில் அனுப்புவதில் தீங்கில்லை என்று ஒரு நாடு நினைத்தது என்பது நம் கருத்து. 1968இல்தான், அதுவும் மார்ட்டின் லூதர் கிங்கும் ராபர்ட் கென்னடியும் கொல்லப்பட்ட பிறகு, அஞ்சல் விற்பனைக்கும் உபரிப் படைத் துப்பாக்கிகளின் இறக்குமதிக்கும் சட்டம் கதவடைத்தது. பழம்பொருள் என்ற வகையில் 1984இல் கதவு பாதி திறந்தது.

பிறகு சட்டமே விலையை எழுதத் தொடங்கியது. சோவியத் ஒன்றியம் சிதைந்தபின் வந்து குவிந்த மோசின் நகான் துப்பாக்கிகள் 2000களின் தொடக்கத்தில் நூறு டாலருக்கும் கீழே விற்றன. சரக்கு வற்றியது, ரஷ்ய இறக்குமதிகளின் மேல் 2014இலும் 2021இலும் தடைகள் வந்தன, இன்று அதே துப்பாக்கிக்குப் பல நூறு டாலர் கேட்கிறார்கள். சீனத்து எஸ்.கே.எஸ். கதையும் 1994 தடைக்குப்பின் அவ்வாறே. மரமும் இரும்பும் ஒரு நாள்கூட இளமை திரும்பவில்லை.

நெடுநாள் சேகரிப்பாளர்கள் இதை உணர்ந்தவர்கள். அவர்கள் முதலில் பார்ப்பது பளபளப்பை அன்று, குழலின் வாயை. பழைய தோட்டாக்களின் தீமருந்து விட்டுச்செல்லும் உப்பு குழலை அரித்திருக்கிறதா, வாய் தேய்ந்ததை மறைக்க உள்ளே சற்றுக் குடைந்திருக்கிறார்களா, உறுப்புகளின் எண்கள் பிறந்தபோதே ஒத்தவையா அல்லது பட்டறையில் அழித்துப் புதிதாக வெட்டியவையா என்று பார்ப்பார்கள். கிடங்குக் கொழுப்பைத் துடைத்து மெருகேற்றிய துப்பாக்கியைவிட, கறுத்துத் தழும்பேறிய, ஒருவரும் கைவைக்காத துப்பாக்கிக்கே அவர்களிடம் மதிப்பு. ஒளவை தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலில் நெய்பூசி நின்ற வேல்களையும், அதியமானின் கொல்லன் உலையில் முறிந்து கிடந்தவற்றையும் எதிரெதிர் நிறுத்திய புறப்பாட்டை இவர்கள் படித்திருக்க மாட்டார்கள். எனினும் ஒரு வேறுபாடு உண்டு. ஒளவைக்கு அத்தழும்பு யாருடையது என்று தெரியும். சேகரிப்பாளர் தழும்புக்கு விலை கொடுக்கிறார். அதன் மறுமுனையில் நின்றவர் யார் என்று கேட்பதில்லை. ஏலப்பட்டியலில் அதற்கு இடமும் இல்லை.

சி2766க்கும் ஒரு சந்தை இருந்தது. டென்வர் நகர எண்ணெய் வணிகர் ஒருவர் அதன் உரிமையை ஆஸ்வால்டின் மனைவியிடமிருந்து விலைக்குப் பேசினார். முன்பணம் மட்டும் பத்தாயிரம் டாலர். அரசு அதை அவரிடம் தர மறுத்தது. நீதிமன்றம் வரை போன இழுபறிக்கிடையே, கொலைச் சான்றுகளை அரசே எடுத்துக்கொள்ள 1965இல் தனிச்சட்டம் இயற்றி, 1966இல் துப்பாக்கியை உடைமையாக்கினார்கள். இழப்பீடாக எது நியாயவிலை என்ற கேள்வி மீண்டும் நீதிமன்றம் சென்றது. பன்னிரண்டே முக்கால் டாலரா, பத்தாயிரமா, அதற்கும் மேலா என்று வழக்குரைஞர்கள் வாதாடினர். துல்லியத்தைப் பற்றி அங்கே ஒருவரும் பேச வேண்டியிருக்கவில்லை.

இப்போது அது மேரிலாந்து மாநிலத்தில், தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. வாரன் ஆணையம் இட்ட சான்று எண் 139. ஏழு டாலர்த் தொலைநோக்கியும் அதனுடனேயே இருக்கிறது.