விண்டோஸா, லினக்ஸா?



குரூப்பில் இதற்காக இரண்டு நாளாக அடித்துக்கொள்கிறீர்கள். 2011-இல் தொடங்கி அரசு தந்த மடிக்கணினியில் விண்டோஸோடு, சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. யார் திறந்து பார்த்தீர்கள்? உங்களைக் குறை சொல்லவில்லை, நானே சொல்லித்தரவில்லை. பக்கத்துக் கேரளத்தில் அரசுப் பள்ளிகளே லினக்ஸில்தான் நடக்கின்றன.

2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவு முடிந்தது. அதற்காக நன்றாக ஓடும் கணினியைக் காயலான் கடையில் போடாதீர்கள். விண்டோஸ்காரர்களே, பழையதை எடுத்து வாருங்கள். லினக்ஸ்காரர்களே, வாய்ச்சண்டையை விட்டு ஒரு ஞாயிறு சேரப்பணஞ்சேரிக்கு வந்து லினக்ஸ் போட்டுக் கொடுங்கள். ஒரகடத்தில் ஷிப்டு பார்ப்பவர்களின் பிள்ளைகள் படிக்கட்டும். ஜெயித்தது யார் என்று பிறகு பேசலாம்.

உங்கள் வாத்தியார்