குப்பைமேட்டில் பெரில்

பெல்ட்ஸ்பார், வெங்கச்சங்கல், காக்காப்பொன், பாரைட்ஸ் ஆகிய நான்கையும் மத்திய சர்க்கார் 2025 பிப்ரவரி 20-ந் தேதி பெருங் கனிமங்களாக்கியதைப் பற்றி நம்மவர் அதிகம் பேசக் காணோம். 2015-ல் இவற்றைச் சிறு கனிமங்களாகத் தாழ்த்தியதும் மத்திய சர்க்காரே!

பீங்கானுக்கும் கண்ணாடிக்கும் உதவும் பெல்ட்ஸ்பார் பெக்மடைட் என்னும் பாறை நாளங்களில் மிகுதியாய் அகப்படுவது. பூமிக்குள் பாறைக்குழம்பு ஆறி இறுகுங்கால், சாதாரணக் கனிமங்களில் இடம்பெறாத லித்தியம், பெரிலியம், நியோபியம், டான்டலம் முதலியவை கடைசியில் மிஞ்சும் நீர் செறிந்த குழம்பிலே சேருகின்றன. அது பிளவுகளிற் புகுந்து உறைந்ததே பெக்மடைட். எல்லா நாளங்களிலும் இவை உண்டென்பதில்லை; எனினும் நெல்லூரிலும் ராஜஸ்தானத்திலும் பெரிலியத் தாதுவாகிய பெரில் கிடைத்ததுண்டு.

பெல்ட்ஸ்பாருக்கென்று குத்தகை எடுத்தவன் பெரிலைக் கண்டால் என் செய்வான்? சிறு கனிமக் குத்தகைதாரர் அத்தகையவற்றைத் தெரிவிப்பதுமில்லை, பிரித்தெடுப்பதுமில்லையென்று சர்க்காரே கூறுகிறது. ஆகவே மாறுதல் நியாயமே. பத்தாண்டு தாமதித்து வந்தது என்பதே நம் குறை.

ராஜ்யங்களின் வருமானம் ராஜ்யங்களுக்கே என்று உறுதி கூறியிருப்பது நல்லது. ஆனால் சிறு குத்தகைதாரனிடம் ரசாயனசாலை ஏது? கல்லைப் பரீட்சிக்கும் செலவைச் சர்க்கார் ஏற்று, சுரங்க ஜில்லாதோறும் ஒரு பரீட்சைச் சாலையை உடனே நிறுவ வேண்டும்.